ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி தானாக ரேஸ் ஆகிறதா? ஆக்சிலரேட்டர் கேபிளைக் கவனிங்க!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, அப்பாவின் பழைய 100 சிசி பைக்கில் மார்க்கெட் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். யூ-டர்ன் எடுக்க ஹேண்டிலை முழுசாக வலது பக்கம் ஒடித்தேன். நான் முறுக்காமலேயே வண்டி 'விர்ர்'ரென்று சீறியது. சட்டென்று க்ளட்ச்சைப் பிடித்து, பிரேக்கை மிதித்துவிட்டேன். எதிரே வந்த ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. பையிலிருந்த கத்தரிக்காய் எல்லாம் ரோட்டில்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா அசரவே இல்லை. "திரும்பும்போது க்ளட்ச்சைக் கொஞ்சம் பிடிச்சுக்கணும்டா. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்!"

பழைய வண்டிகளில் இதுதான் ஆபத்து. கோளாறு கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஓட்டுகிறவருக்குக் கை பழகிவிடும். சாவி வேறொருவர் கைக்குப் போகும்போதுதான் வினை.

மெக்கானிக் அண்ணன் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "ஹெட்லைட்டைக் கழட்டி மாட்டினப்போ கேபிளை வேற வழியா விட்டிருக்காங்க தம்பி. திருப்பும்போது அது இழுபடுது." நாம் முறுக்கும்போது இந்தக் கேபிள்தான் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடை மேலே தூக்குகிறது. கையை விட்டால் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும். கேபிள் எங்காவது இழுபட்டால், யாரும் முறுக்காமலேயே வண்டி முறுக்கிக்கொள்ளும்!

வீட்டிலேயே 3 சோதனைகள்

1. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள். ஹேண்டில் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என மூன்று நிலையிலும் அது 'டக்'கென்று திரும்ப வேண்டும். மெதுவாக வந்தால் கோளாறு.

2. திறந்த இடத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடானதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். சத்தம் கூடினால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

3. கேபிள் இழுபடும் முன் கைப்பிடி சும்மா சுற்றும் தூரம்தான் 'ப்ளே'. பல 100 சிசி வண்டிகளில் இது கைப்பிடி விளிம்பில் 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கலாம். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும்.

சரிசெய்வது எப்படி?

முதலில் கேபிள் போகும் வழியைப் பாருங்கள். எங்கும் மடங்காமல், நசுங்காமல் இருக்க வேண்டும். அப்புறம் கைப்பிடிக்குப் பக்கத்திலோ, கார்புரேட்டர் மேலேயோ இருக்கும் ரப்பர் மூடியை விலக்கினால் அட்ஜஸ்டர் தெரியும். லாக் நட்டை லூஸ் செய்து, அட்ஜஸ்டரை உள்ளே திருகினால் ப்ளே கூடும். வெளியே திருகினால் குறையும். அளவு வந்ததும் லாக் நட்டை டைட் செய்துவிட்டு, மேலே சொன்ன 3 சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள்.

ஐடிலிங் குறைவாக இருக்கிறது என்று கேபிளை இழுத்துக் கட்டாதீர்கள். அதற்குக் கார்புரேட்டரில் தனி ஸ்க்ரூ இருக்கிறது.

கேபிள் கனமாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிளுக்கு எண்ணெய் வேண்டாம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

முனையில் ஒரே ஒரு கம்பி பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடமே விடுவது நல்லது. அதில் கார்புரேட்டரோடு ஆயில் பம்புக்கும் கேபிள் போகிறது. அட்ஜஸ்ட்மென்ட் தவறினால் இன்ஜினுக்கு ஆயில் குறைந்துவிடும்.

ஓடும்போது சிக்கிக்கொண்டால்?

பதற வேண்டாம். க்ளட்ச்சை முழுசாகப் பிடியுங்கள், பிரேக் போடுங்கள், ஓரம் கட்டிச் சாவியை ஆஃப் செய்யுங்கள். இன்ஜின் கத்தினால் கத்தட்டும். சக்கரத்துக்கு சக்தி போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

அப்பா வண்டிக்குக் கேபிளை மாற்றி, சரியான வழியில் விட்டாயிற்று. முதல் நாள் ஓட்டிவிட்டு வந்தவர் சிரித்தார். "வண்டி சரியாயிடுச்சுடா. என் கைதான் இன்னும் க்ளட்ச்சைத் தேடுது!"

உங்கள் வீட்டு வண்டியிலும் 'இப்படித்தான் ஓட்டணும்' என்று ஏதாவது ரகசியம் இருக்கிறதா? இந்த வாரமே சரிபார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் க்ளட்ச் கேபிளோடு சந்திப்போம்!