நாலு சீட்டும் ஒரு ரிட்டையர்டு கேப்டனும்

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்களுக்குத் தெரியும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே அங்காளம்மன் அருள்தான். விழுப்புரம், திருவண்ணாமலை, சென்னை என்று எல்லாப் பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். ஆனாலும் ஊஞ்சல் உற்சவம் பார்க்க வருகிற கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட ஆரம்பித்துவிடுவார்கள்.

2025 ஜூன் 25-ம் தேதியும் அமாவாசைதான். ஆனி அமாவாசை. அன்று நம் நேரப்படி நண்பகல் 12.01 மணிக்கு, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து நாலே நாலு சீட் உள்ள ஒரு வண்டி விண்வெளிக்குக் கிளம்பியது. ஒரு சீட்டில் லக்னோவைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா. 1984-ல் ராகேஷ் சர்மா போய் வந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு விண்வெளிக்குப் போன இந்தியர். நம் ஊர் டி.வி.க்கள் எல்லாம் அவரைத்தான் காட்டின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த 65 வயதுப் பெண்மணியை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. அந்த வண்டியின் கேப்டன் அவர்தான். அதுவும் பணி ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆன கேப்டன்.

பெயர் பெக்கி விட்சன். அயோவா மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுக்கப் பணம் தேவைப்பட்டபோது கோழி வளர்த்து விற்றவர். உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும், விண்வெளி வீரர் வேலைக்கு விண்ணப்பிப்பதும் நிராகரிக்கப்படுவதுமாகவே பல வருடங்கள் ஓடின. 1996-ல்தான் நாசா அவரைத் தேர்ந்தெடுத்தது.

அதற்குப் பிறகு அவர் பிடித்த இடங்கள் சாதாரணமானவை அல்ல. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கமாண்டரான முதல் பெண். 2009 முதல் 2012 வரை நாசாவின் விண்வெளி வீரர்கள் அலுவலகத்துக்குத் தலைவர். எந்தப் பயணத்தில் யார் போவது, யார் காத்திருப்பது என்று பட்டியல் போடுகிற நாற்காலி அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எல்லோருக்கும் நல்லவராக இருக்கவே முடியாது.

2018-ல் நாசாவிலிருந்து ஓய்வு. அதற்குள் 665 நாட்கள் விண்வெளியில் கழித்திருந்தார். நாசா அனுமதிக்கும் கதிர்வீச்சு அளவைத் தொட்டுவிட்டதாக அவரே சொன்னார். இத்தனைக்கும் அப்போது பெண்களுக்கான வரம்பு ஆண்களுக்கு இருந்ததைவிடக் குறைவு. ஆசை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, போக மட்டும் முடியாது. வேறு யாராக இருந்தாலும் மேடைப் பேச்சு, புத்தகம் என்று ஒதுங்கியிருப்பார்கள்.

திரும்பி வர அவருக்குக் கதவு திறந்தது ஆக்ஸியம் ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம். விண்வெளி நிலையத்துக்குத் தனியார் பயணம் போகலாம், ஆனால் ஏற்கெனவே பறந்த அனுபவமுள்ள முன்னாள் நாசா வீரர் ஒருவர்தான் கமாண்டராக இருக்க வேண்டும் என்பது அப்போது நாசாவின் நிபந்தனையாக இருந்தது. டிராகன் விண்கலம் தானாகவே ஓடும், தானாகவே நிலையத்தோடு இணையும். பிறகு எதற்கு அனுபவசாலி? 2008-ல் விட்சன் பூமிக்குத் திரும்பிய சோயுஸ் விண்கலம் வழி மாறி, செங்குத்தாக விழுவதுபோல இறங்கியது. உடல் எடையைப்போல எட்டு மடங்குக்கு மேல் அழுத்தம். இறங்க வேண்டிய இடத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போய் விழுந்தார்கள். கூட இருந்தவர்களில் ஒருவர், தென்கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனை. அவருக்கு அது முதல் பயணம். இந்த மாதிரி ஒரு நாளைப் பார்த்துப் பிழைத்த ஆள் பக்கத்தில் இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு எவ்வளவு தைரியம்!

2023-ல் ஆக்ஸியம்-2 பயணத்துக்குத் தலைமை தாங்கினார். அடுத்ததுதான் நம் சுக்லா போன ஆக்ஸியம்-4. இந்த முறை ஆட்களைத் தேர்ந்தெடுத்தது விட்சன் இல்லை. இந்தியா, போலந்து, ஹங்கேரி என்று நாடுகள் சீட் வாங்கி, தங்கள் ஆளை அனுப்பின. சுக்லா விமானப்படை டெஸ்ட் பைலட். போலந்துக்காரர் பொறியாளர், ஹங்கேரியின் டிபோர் கபுவும் பொறியாளர். யாருமே அதற்கு முன் விண்வெளியைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையை வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள், குடித்தனம் நடத்துவது இனி உன் பாடு என்பதுபோல, மூன்று பேரையும் ஒரு குழுவாக்குகிற வேலை கேப்டன் தலையில் விழுந்தது.

அதற்கு நேரமும் நிறையவே கிடைத்தது. மே 25-ம் தேதியே நால்வரும் தனிமைப்படுத்தலுக்குப் போய்விட்டார்கள். பயணம் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஒருமுறை ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. அதைச் சரிசெய்த பிறகே கிளம்ப வேண்டும் என்று அங்கேயே இருந்து உறுதியாக நின்றவர், நாகர்கோவில் பக்கம் மேலகாட்டுவிளையிலிருந்து வந்த இஸ்ரோ தலைவர் வி.நாராயணன். கசிவு நின்றால் விண்வெளி நிலையத்தில் வேறொரு பிரச்னை. ஒரு மாதம் ஒரே கூரையின் கீழ் நாலு பேர், நாளைக்கு நாளைக்கு என்று காத்திருப்பது லேசான காரியம் இல்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலைத் தந்த விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பின் கனம் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வரவேற்பு நிகழ்ச்சியில் புதியவர்கள் மூவருக்கும் விட்சன் விண்வெளி வீரர் பின் குத்திவிட்டார். சுக்லாவுக்குக் கிடைத்த எண் 634. குழந்தைபோல எல்லாவற்றையும் புதிதாகக் கற்கிறேன் என்று சொன்ன சுக்லா, கொஞ்ச நாளில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் தனிக்கதை. ஜூலை 15-ம் தேதி நால்வரும் பத்திரமாகக் கடலில் வந்து இறங்கியபோது, விட்சனின் கணக்கு 695 நாட்களாகியிருந்தது. வேறெந்த அமெரிக்கரும் இவ்வளவு நாள் விண்வெளியில் இருந்ததில்லை.

இந்தக் கதையில் சீட் கிடைக்காத ஒருவரும் உண்டு. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். குன்னூர் வெலிங்டனிலும் தாம்பரத்திலும் படித்த விமானப்படை அதிகாரி. சுக்லாவோடு சேர்ந்து அத்தனை பயிற்சியும் முடித்தார். சுக்லாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் அவர்தான் போயிருப்பார். வரவில்லை. 1984-ல் ராகேஷ் சர்மாவுக்கு மாற்றாகத் தயாராகி, கடைசியில் தரையிலேயே நின்ற ரவீஷ் மல்ஹோத்ராவுக்கும் இதேதான் நடந்தது. சர்மா இப்போது குன்னூரில் இருக்கிறார்.

அடுத்தது ககன்யான். அதற்காக 2024 பிப்ரவரி 27-ம் தேதி திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டவர்கள் நாலு பேர்: நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுக்லா. நால்வரில் பறந்த அனுபவம் உள்ளவர் ஒருவர்தான். ககன்யான் விண்கலத்தில் அதிகபட்சம் மூன்று சீட்.