பை சுமந்தவர்களின் கோப்பை

தோழர்களே, தி.நகரிலிருந்து சைதாப்பேட்டை போகும் வழியில், நந்தனத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நம் தெருக்காரர்கள் அதற்குள் போனால் புல் வெட்டத்தான், இல்லையென்றால் பை சுமக்கத்தான். சுமப்பவருக்குப் பெயர் 'கேடி'. நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் போலீஸ் பட்டியல்தான் நினைவுக்கு வரும்!

இந்த ஆட்டத்தின் 'மரபு' என்ன? அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டி 1934இல் தொடங்கியது. 1982 வரை அங்கே பை சுமந்தவர்கள் அந்த கிளப்பின் கறுப்பினத் தொழிலாளர்கள். கறுப்பினத்தவரான லீ எல்டர் அதில் ஆட முடிந்தது 1975இல்தான். கிளப்பில் ஒரு கறுப்பர் உறுப்பினரானது 1990இல்.

நம் நாட்டின் இந்தியன் ஓப்பன் 1964இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் தொடங்கியது. அங்கே பை சுமந்த அலி ஷேர் 1991இல் அந்தக் கோப்பையை வென்றார். 2009இல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் பை சுமந்தவரே. 2016, 2017இல் வென்ற சௌராசியா, கொல்கத்தா மைதானத்தில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன்.

'பார்த்தீர்களா, திறமை இருந்தால் போதும்' என்பார்கள். போதாது. வேலைக்காரர் வாசல் வழியாக உள்ளே போனதால்தான் இவர்கள் கையில் மட்டை கிடைத்தது. அந்த வாசலும் கிடைக்காதவர்களின் திறமையை யார் கண்டார்கள்?

சென்னை மைதானங்களிடம் நாம் கேட்பது இரக்கம் அல்ல. சுமப்பவர்களுக்கு நியாயமான கூலி, காப்பீடு, ஆடும் உரிமை. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. முன்வாசல் வழியாக!