ஒரே சைஸ் தோட்டா, ரெண்டு விதமான ரைஃபிள்... மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஏஆர்-15 ரக ரைஃபிள் வைத்திருப்பவர்கள் மத்தியில் பல ஆண்டுகளாக ஓயாத ஒரு கேள்வி: .223 ரெமிங்டன் தோட்டாவும், 5.56 நேட்டோ தோட்டாவும் ஒன்றா, வேறா?

பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசமே தெரியாது. முதலாவது, பொதுமக்களுக்கான வேட்டை, போட்டித் துப்பாக்கிகளுக்கு 1964-ல் வந்தது. இரண்டாவதை 1980-ல் நேட்டோ ராணுவங்கள் பொதுத் தோட்டாவாக ஏற்றுக்கொண்டன. நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளும் இதே 5.56 அளவுதான்.

வித்தியாசம் எங்கே?

வித்தியாசம் முக்கியமாக துப்பாக்கிக்குள் இருக்கிறது. தோட்டா போய் உட்காரும் அறைதான் சேம்பர். அதைத் தாண்டியதும் குழலில் கொஞ்ச தூரம் வழவழப்பாக இருக்கும். அதன் பிறகுதான் குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளங்கள் தொடங்கும். இந்த வழவழப்பான பகுதி .223-ல் சுமார் 0.6 மி.மீ., நேட்டோ சேம்பரில் சுமார் 1.5 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் ஆபத்து இங்கேதான்.

ராணுவத் தோட்டாவை .223 சேம்பரில் போட்டுச் சுட்டால், குண்டு நகர்ந்த உடனேயே பள்ளத்தில் போய் இடிக்கும். பின்னால் எரியும் மருந்தின் வாயுவுக்கு விரிய இடம் கிடைக்காது, அழுத்தம் எகிறும். தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் பிதுங்கி விழலாம், காலிக் கூடு உள்ளேயே சிக்கலாம். மோசமான நிலையில் துப்பாக்கி உடைந்து, சுடுபவருக்கே காயம் ஏற்படலாம். அமெரிக்க ஆயுதத் தயாரிப்பாளர்களின் தர நிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., இப்படிச் சுடவே கூடாது என்கிறது. தலைகீழாக, .223 தோட்டாவை நேட்டோ சேம்பரில் சுடலாம். குறி கொஞ்சம் பிசகலாம், அவ்வளவுதான்.

62 ஆயிரமா, 55 ஆயிரமா?

'நேட்டோ 62,000 பி.எஸ்.ஐ., .223 வெறும் 55,000' என்று ஒரு ஒப்பீடு அடிக்கடி சொல்லப்படுகிறது. இது சரியான கணக்கு அல்ல. நேட்டோ முறையில் அழுத்தத்தை அளப்பது தோட்டாக் கூட்டின் வாய்ப்பகுதியில்; எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அளப்பது கூட்டின் நடுப்பகுதியில். அளக்கும் இடமே வேறு என்பதால் இரண்டு எண்ணையும் நேரடியாகக் கழித்துப் பார்க்க முடியாது.

இரண்டையும் சுட வசதியாக, பில் வைல்டு என்ற அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் வடிவமைத்த '.223 வைல்டு' சேம்பரும் இருக்கிறது. எந்த சேம்பர் என்பது வழக்கமாக குழலின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். தோட்டா உள்ளே போகிறதா என்பதை அல்ல.