விடுபட்ட எண் யாது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் பகுதியில் ஒருவகை வினா இடம்பெறுவதுண்டு. சில எண்கள் வரிசையாகத் தரப்பட்டு, ஓரிடம் மட்டும் வெறுமையாய் விடப்பட்டிருக்கும். அவ்விடத்திற்குரிய எண்ணைக் கண்டுபிடித்தல் வேண்டும். இத்தேர்வின் வழியே தெரிவுபெறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள்களைக் கடன் வாங்கிக் கழிக்கும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. பிள்ளையின் படிப்பு நிற்பதும் தொடர்வதும் சில வேளைகளில் அதனைப் பொறுத்தே அமைகிறது.

"எங்களுக்குக் கணக்கு வராது, சாமி; பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" எனப் பெற்றோர் பலர் நம்மிடம் கூறுவதுண்டு. பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் கரைகளில் வாழ்வோர் இவ்வாறு கூறுதல் பொருந்தாது. பௌர்ணமியன்று மாலை ஆறு மணியளவில் எழும் நிலவு, மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தியே எழும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். கடலின் ஏற்றமும் அவ்வாறே நாளுக்கு நாள் பிந்துகிறது. ஒருநாள் சற்றுக் கூடலாம், ஒருநாள் குறையலாம், சராசரி அதுவே. 6.00, 6.50, 7.40, __, 9.20 என்று எழுதினால் விடுபட்டது 8.30 என அவர்கள் தயங்காமல் கூறுவார்கள். எண்தொடர் என்பது இதுவேயன்றி வேறன்று.

இனி, பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை நோக்குவோம். முதலில் அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டை எழுதச் சொல்லுங்கள். 5, 9, 13, __, 21 என்பதில் வேறுபாடு 4. ஆகவே விடை 17. வேறுபாடு ஒரே அளவாக இல்லையெனில், அந்த வேறுபாடுகளையே ஒரு தொடராகக் கொள்க. 2, 3, 5, 8, 12, __, 23 என்பதில் அவை 1, 2, 3, 4 என வளர்கின்றன. அடுத்து 5 கூட்ட 17, பின்னர் 6 கூட்ட 23. எண்கள் விரைந்து பெருகினால் பெருக்கலைத் தேடுக: 3, 6, 12, __, 48 என்பதில் விடை 24. ஏறியும் இறங்கியும் வருமாயின், இரு தொடர்கள் பின்னிக் கிடக்கலாம். 2, 30, 4, 27, 6, __, 8, 21 என்பதை ஒன்றுவிட்டு ஒன்றாகப் படித்தால் 30, 27, 24, 21 என்பது புலப்படும்.

கண்ட எண்ணை வெற்றிடத்தில் வைத்து, முன்னும் பின்னும் உள்ள எண்களோடு பொருந்துகிறதா எனச் சரிபார்த்த பின்னரே விடையைக் குறித்தல் வேண்டும். ஏனெனில், சில எண்களை மட்டும் கண்டு விதியை முடிவு செய்தல் ஆபத்து. 2, 3, 5, 7, 11 என்ற தொடரில் அடுத்தது யாது? பகா எண்கள் எனக் கொண்டால் 13. ஆனால் ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டி எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாக எழுதலாம். இவ்வாறே 2, 3, 4, 5, 6 ஆகிய எண்களுக்கு முறையே 2, 3, 5, 7, 11 வகைகள் உண்டு, 7-க்கோ 15! இவ்வகைகளின் எண்ணிக்கையைத் தரும் வாய்பாட்டை 1918-ஆம் ஆண்டில் ஹார்டியுடன் சேர்ந்து உலகிற்கு அளித்தவர், 1887-இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன். ஆகவே, "விடை என்ன?" என்று பிள்ளையைக் கேட்பதோடு நில்லாது, "எந்த விதியால் அது வந்தது?" என்றும் கேளுங்கள்.

பெற்றோரே, இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நிலவு எழும் நேரத்தை நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை அதை எழுதட்டும். நான்காம் நாள் நேரத்தை மட்டும் சொல்லாது விட்டு, அதனைப் பிள்ளையே கண்டுபிடிக்கச் செய்யுங்கள்.