எத்தெருவில் தங்குவது?

புதிய ஊருக்குச் செல்வோர் முதலில் கேட்கும் வினா, ‘எங்கே தங்குவது?’ என்பதாகும். வாடகை எவ்வளவு, வெந்நீர் உண்டா, பேருந்து நிலையம் அருகிலா என்ற அளவில் அவ்வினா இன்று சுருங்கிவிட்டது. எத்தெருவில் தங்குகிறோமோ, அத்தெருவின் கண்கொண்டே ஊரைக் காண்கிறோம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மதுரைக்கு வரும் மாணவரையும் ஆய்வாளரையும் மனத்திற்கொண்டு, இதுபற்றிச் சில கருத்துகளை இம்மலர்வழி முன்வைக்க விழைகிறோம்.

சிலப்பதிகாரத்தில் இவ்வினா மிக இன்றியமையாத இடத்தில் எழுகிறது. புகாரிலிருந்து நடந்து வந்த கோவலன், கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடம் விட்டு, வணிகரிடம் தன் நிலையை உணர்த்த நகருக்குள் செல்கிறான். யவனர் காவல் புரியும் வாயிலைக் கடந்து, மணிகள் விற்கும் கடைத்தெருவும் துணி விற்கும் தெருவும் கூல வீதியும் கண்டு மீள்கிறான். எனினும் அவர்களுக்கு இடம் கிடைத்தது வணிகர் மாளிகையில் அன்று. ஆயர் முதுமகள் மாதரியின் பாதுகாப்பில், செம்மண் பூசிய சிறு வீட்டில். கோவலனின் தந்தை பெயரைக் கேட்டால் இந்நகர வணிகர் விருந்தெதிர்கொள்வர் என்கிறார் கவுந்தியடிகள். அப்பெயர் வணிகர் செவிக்கு எட்டும் வரை மாதரி காத்திருக்கவில்லை. உடனே அழைத்துச் சென்றாள்.

தெருவைத் தாமே தேர்ந்துகொண்ட விருந்தினரும் உளர். உரோமில் 1577-இல் பிறந்து, 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, முன்னரே இங்கிருந்த போர்த்துகீசியப் பாதிரியாரின் இல்லத்தை விட்டு நீங்கி, அந்தணர் வாழ்ந்த பகுதியில் குடியேறினார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். தமிழ் உரைநடையில் நூல்கள் பல இயற்றினார். அவரது சமய நோக்கத்தோடோ, குல வேறுபாட்டுக்கு இடங்கொடுத்த அவரது முறையோடோ நாம் உடன்பட வேண்டுவதில்லை. ஆனால் மொழி படிக்க வந்தவனுக்குத் தெருவும் ஓர் ஆசான் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

இனி இன்றைய மதுரைக்கு வருவோம். சென்னை, திருச்சி, நெல்லைப் பேருந்துகள் மாட்டுத்தாவணியில் வந்து நிற்பதால், இரவில் இறங்குவோர் பலர் அங்கேயே அறை எடுத்துவிடுகின்றனர். மேலூர்ச் சாலையில் 2004 முதல் இயங்கும் உயர்நீதிமன்றக் கிளைக்கு வருவோர்க்கு அது பொருத்தமே. அரசு இராசாசி மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்திருப்போர்க்குக் கோரிப்பாளையமே ஏற்றது. அமைதியும் அகன்ற சாலையும் வேண்டும் முதியோர்க்கு வைகையின் வடகரையில் தல்லாகுளமும் அழகர்கோயில் சாலையும் உள்ளன. இவற்றை நாம் குறை கூறவில்லை.

ஆயின், மதுரையை அறியவே வருபவர் எங்கே தங்க வேண்டும்? சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எனக் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த பழைய நகருக்குள் என்பதே நம் விடை. 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்த எல்லையையே வெளி வீதிகள் இன்றும் காட்டுகின்றன. தொடர்வண்டி நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியே நடந்தால் மேலைக் கோபுரம். நிலையத்துக்கு எதிரே இராணி மங்கம்மாள் சத்திரம். சற்றுத் தெற்கே காஜிமார் தெருவும், பாண்டியர் காலத்தது என மரபு கூறும் பெரிய பள்ளிவாசலும். தேர்ச்சக்கரத்தின் ஓசையும் பஜ்ருத் தொழுகைக்கான பாங்கொலியும் செவிக்கு எட்டும் தொலைவில் உறங்கி எழுபவனுக்கே ‘மதுரை’ என்ற சொல்லின் பொருள் விளங்கும். இரைச்சல் உண்டு, நெரிசல் உண்டு. அவையும் பாடத்தின் பகுதிகளே.

இது மதுரைக்கு மட்டும் உரிய வினா அன்று. இத்தாலியத் துறைமுக நகரான நேப்பிள்சுக்குச் செல்வோரும் இவ்வாறே தயங்குவர். கடலோரத்துக் கியாயாவா, பழனியிற்போல் இழுவை இரயிலில் ஏறும் வோமெரோக் குன்றா, பண்டைக் கிரேக்கர் வகுத்த தெருவமைப்பு இன்றும் மாறாத நடுநகரா? குன்றின்மேல் காற்று நல்லதுதான். எனினும் யுனெஸ்கோ 1995-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது நெருக்கடி மிகுந்த அந்நடுநகரையே.

தேர்ந்தெடுப்பது மட்டும் போதுமா? கதவும் திறக்க வேண்டும். ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் பயின்றபோது, சுவடி பார்க்க வேறொரு நகருக்குச் சென்றோம். பேருந்து நிலையத்து எதிரே விடுதியில் நான்கு நாள் கழிந்தது, ஊர் பிடிபடவில்லை. ஐந்தாம் நாள், நூலகத்தருகே மாடியறை ஒன்று வாடகைக்கு உண்டெனக் கேட்டுச் சென்றோம். வீட்டுப் பெரியவர் காப்பி கொடுத்து அன்புடன் பேசினார். பிறகு பெயரைக் கேட்டார், சொன்னோம். சற்றுப் பொறுத்து, “உறவுக்காரர் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது, தம்பி” என்றார். நன்றி கூறிப் படியிறங்கினோம்.

அன்று அவரைக் குறைகூறுவது எளிதாக இருந்தது. ஊர் திரும்பிய பின்னரே நம் தெருக்களை நோக்கினோம். வெளியூரிலிருந்து வரும் பிற சமயத்து மாணவனுக்கு நம்மில் எத்தனை பேர் மாடியறை தருகிறோம்? நம்மவரிலேயே மணமாகாத இளைஞன் என்றால், “ஜமாஅத்தில் யாரைத் தெரியும்?” என்று கேளாமல் திறவுகோலைக் கொடுக்கிறோமா? பிறர் கதவு மூடியதை நினைவில் வைத்திருக்கும் நாம், நம் கதவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் துறைக் கருத்தரங்குகளுக்கு வருவோரை நெடுஞ்சாலை விடுதிகளுக்கு அனுப்பும் வழக்கத்தைக் குறைப்போம். பழைய நகரில் வாழும் ஆசிரியரும் மாணவர் பெற்றோரும் ஓர் அறை, ஓரிரவு என முன்வந்தால், துறையில் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளலாம். சமூகப் பெரியோர் இதற்குத் துணைநிற்க வேண்டும். வருபவர் எவராயினும் நாம் கேட்கும் முதல் வினா ‘சாப்பிட்டீர்களா?’ என்பதாக இருக்கட்டும். பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.