புல்தரையில் வீசினால் மீன் கிடைக்குமா?

ஆலங்குடிப் பக்கம் கண்மாயில் வலை வீசும் ஒரு பெரியவரிடம் போய், "தண்ணியே இல்லாத எடத்துல, முள்ளே இல்லாத தூண்டில வச்சு ஒருத்தர் தினமும் வீசிப் பழகுறாரு" என்று சொல்லிப் பாருங்கள். "வேற வேல இல்லையா அவனுக்கு?" என்பார். ஆனால் அமெரிக்காவில் ஃப்ளை காஸ்டிங் என்னும் தூண்டில் வீச்சை அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் அது கிடையாது. முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ, ஊதினால் பறந்துவிடும். கனம் முழுக்கத் தடித்த கயிற்றில்தான். கயிற்றைப் பின்பக்கம் வீசி, அது நீண்டு விரியும் வரை ஒரு கணம் காத்திருந்து, முன்பக்கம் வீசிச் சட்டென்று நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை போலச் சொடுக்கி ஈ அறுந்து போகும். தாமதித்தால் கயிறு தரையில் கிடக்கும். அந்த ஒரு கணம்தான் மொத்த வித்தையும்.

பிரச்சினை என்னவென்றால், அது நடப்பது முதுகுக்குப் பின்னால். வீடியோ இங்கேதான் உதவுகிறது. மெல் க்ரீகர் போன்றவர்கள் 1980களிலேயே இந்த வீச்சை வீடியோ பாடமாக எடுத்தார்கள். 1960-ல் 161 அடி தூரம் வீசிக் காட்டிய ஜோன் வுல்ஃப் என்ற பெண்மணி, 1979-ல் கணவரோடு சேர்ந்து பள்ளியே தொடங்கினார். அவர்கள் யாரும் "படம் பார், வந்துவிடும்" என்று ஜல்லியடிக்கவில்லை. முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டு, புல்தரையில் பக்கவாட்டில் நில், குறைந்த கயிற்றில் தொடங்கு, தலையைத் திருப்பிப் பின்வீச்சைப் பார், தரையில் வளையம் போட்டுக் குறிவை. மறுநாளும் இதேதான்.

இதைச் சொன்னால் நம்மூரில் இரண்டு கட்சி கிளம்பும். ஒன்று, யூட்யூபில் எல்லாம் இருக்கிறது என்னும் கட்சி. இன்னொன்று, கைத்தொழில் ரத்தத்தில் வர வேண்டும், பாடம் நடத்தி வராது என்னும் கட்சி. இரண்டு பேரும் ஒருமுறை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள் எட்டிப் பார்க்கட்டும். asdfgf என்று மாதக்கணக்கில் தட்டித்தானே லோயர் பாஸாகிறார்கள்? (காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், விரல் இன்னும் வலிக்கும்.) எந்தக் குமாஸ்தாவின் ரத்தத்தில் தட்டச்சு ஓடியது?

அந்த ரத்தக் கட்சிதான் ஆபத்தானது. வீச்சு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றுச் சுருக்கை மணிக்கட்டில் மாட்டி, வலையில் ஒரு பங்கைத் தோளில் போட்டு, ஓரத்தைப் பல்லில் கவ்வி, இடுப்பைத் திருப்பி வீசினால் வட்டமாக விரிய வேண்டும். ஃப்ளை காஸ்டிங்கைவிட இது லேசானது என்று யார் சொன்னது? அங்கே 1992 முதல் வீச்சு ஆசிரியர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் உண்டு. இங்கே "கூட நின்னு பாரு" என்பதுதான் பாடத்திட்டம். கூட நிற்கக் கண்மாயில் தண்ணீர் வேண்டும், பையனுக்கு நேரம் வேண்டும். பல ஊரில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழா அன்றுதான் பிள்ளைகள் வலையையே பார்க்கிறார்கள்; அன்றைக்கும் ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கிச் சேறாக்கிவிடும், வீச்சைக் கவனிக்க யாருக்குப் பொறுமை?

வெள்ளைக்காரன் தூண்டில் போட ஆசைப்பட்டு நீலகிரிக்கு ட்ரவுட் மீனையே கப்பலில் கொண்டுவந்தான், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டினான். அவன் வீசினால் விளையாட்டு, கலை. கண்மாய்க்கரைப் பெரியவர் வீசினால் பிழைப்பு. பிழைப்பை யார் படம் எடுப்பார்கள்?

செலவு என்ன பெரிய செலவு? ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. பெரியவரை முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒருமுறை எடுத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம். பிறகு சின்ன வலை ஒன்று, அறுவடை முடிந்த களம், குறிக்குத் தரையில் ஒரு பழைய சைக்கிள் டயர். தினமும் இருபது வீச்சு. பையன் வீசுவதையும் படம் எடுத்துப் பெரியவரிடம் காட்டினால், எங்கே இடுப்பு திரும்பவில்லை என்று அவரே திட்டிச் சொல்லிவிடுவார்.