கண்மாய்க் கரையே பாதை

ஆடி மாதத்தில் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையத்துக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் குணம் தெரியும். இருபது கிலோமீட்டருக்கு முன்பின் இருக்கும். மேடு என்று சொல்ல வழியில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்கு நேரே நிற்கும் மலையின் இடைவெளிகளில் புகுந்து வரும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கீழராஜகுலராமனைத் தாண்டுவதற்குள் தொடை கடுத்துவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தாங்கி வீடு வரை கொண்டுவந்து விடும். பெடலில் சும்மா காலை வைத்திருந்தால் போதும்.

ஐப்பசி மழையில் கதை வேறு. கரிசல் மண் நனைந்துவிட்டால் சக்கரம் பத்தடி உருளாது. டயரில் ஏறும் மண் மட்கார்டுக்குள் அப்பி, பிரேக் கட்டையை மூடி, கடைசியில் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கருவேலங்குச்சி ஒன்றை ஒடித்து, குனிந்து, அந்த மண்ணை நெம்பி நெம்பி எடுக்க வேண்டும். நாலு எட்டு தள்ளினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். என் தாத்தா இதற்கெல்லாம் பொறுமைப்பட மாட்டார். வண்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். "வெயிலுக்கு நாம சைக்கிள் மேல, மழைக்கு சைக்கிள் நம்ம மேலய்யா" என்பார். வீட்டுக்கு வந்ததும் முதலில் வண்டியைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டபிறகுதான் தன் காலைக் கழுவுவார்.

தாத்தா சைக்கிளைச் சுமந்து நடந்த அந்த மண்பாதை இன்று தார்ச்சாலை. அது தேவைதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சாலையில் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் அனுப்பும் துணிவு எத்தனை வீடுகளில் இருக்கிறது? லாரியும் வேனும் இருசக்கர வாகனமும் உரசிக்கொண்டு போகும் சாலையின் ஓரத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் அந்த அரையடிப் பள்ளத்தில்தான் சைக்கிளுக்கு இடம். மலையைப் பார்த்துக்கொண்டே மிதித்த காலம் போய், பின்னால் வரும் ஹார்னுக்குக் காதைக் கொடுத்து மிதிக்கும் காலம் வந்துவிட்டது.

இந்த வட்டாரம் பாதைகளுக்குப் பேர்போனது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வழியில் கல் மண்டபங்கள் இருந்தன. ஆண்டாள் கோயிலில் உச்சிக்கால பூஜை முடிந்ததை மண்டபத்துக்கு மண்டபம் மணியடித்து மதுரைக்கு அறிவிப்பார்கள் என்றும், அந்த ஓசை வந்த பிறகே திருமலை நாயக்கர் உணவில் கைவைப்பார் என்றும் சொல்வார்கள். மணி ஒலித்ததோ இல்லையோ, அந்த மண்டபங்களின் நிழலில் நடந்து வந்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். ராணி மங்கம்மாள் பெயரால் இன்றும் வழங்கும் சாலைகளுக்கும் இதுதான் அடையாளம்: இருபுறமும் மரம், இடையிடையே சத்திரம், தண்ணீர். கால் வலிக்க நடப்பவனையும் மாட்டு வண்டியையும் நினைத்துப் போட்ட பாதைகள் அவை. வேகத்தை நினைத்து அல்ல.

1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசி வரை மீட்டர்கேஜ் ரயில் வந்தது. தூரத்துப் பயணம் தண்டவாளத்துக்குப் போனது. பக்கத்துப் பயணம் மாட்டு வண்டியிலேயே நின்றது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் சைக்கிள். 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. வரி கட்டி வாங்கிய வில்லையை வண்டியில் மாட்டிக்கொண்டு திரிந்த தலைமுறை அது. ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை 1970-இல் ஓடத் தொடங்கியபோது, சுற்றுப்பட்டிகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களைச் சுமந்ததும் இந்த வண்டிதான். ஹேண்டில்பாரில் தூக்குவாளி ஆட, டைனமோ உருளை டயரில் உராய்ந்து முனக, இரவு ஷிப்டுக்கு வரிசையாக வந்த வெளிச்சப் புள்ளிகளை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

பெண்கள் கைக்குச் சைக்கிள் போனது அதற்கும் பிறகு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் உழைத்த பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஏறி மிதித்தார்கள். தமிழ்நாட்டில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன். பின்னர் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான வண்டிகளை வழங்கும் மாநிலம் அவை ஓடுவதற்கென்று ஒரு பாதையைத் தரவில்லை. வண்டியைக் கொடுத்த கை பாதையையும் கொடுத்திருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில், ரயில் நின்றுபோன எல்ராய் - ஸ்பார்ட்டா தடத்தை 1960களில் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். ஸ்பெயின் 1993 முதல் கைவிடப்பட்ட ரயில் தடங்களைப் 'பசுமை வழிகள்' என்ற பெயரில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டது. ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் கிராடோ கடற்கரை வரை ஏறத்தாழ 410 கிலோமீட்டர் சைக்கிள் வழி போகிறது. அதில் இத்தாலியப் பகுதியில் ஒரு நீளம், புதிய சுரங்க வழித்தடம் வந்தபின் கைவிடப்பட்ட பழைய ரயில் தடத்தின் மேலேயே ஓடுகிறது. பழைய பாலங்களையும் குகைகளையும் கடந்து, ஒரு மோட்டார் வண்டியின் சத்தமும் இல்லாமல், குழந்தைகளும் முதியவர்களும் மலைப் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அதன் தடம் எப்போதும் சீரான சரிவில் இருக்கும். சைக்கிளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நம் பக்கம் அப்படிக் கைவிட்ட தடம் இல்லை. விருதுநகர் - தென்காசி மீட்டர்கேஜ் அதே வழியில் அகலப்பாதையாகி, ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது; ஓடட்டும். நமக்கு இருப்பது வேறொன்று, அந்தத் தடங்களைவிடப் பல நூறாண்டு மூத்தது. கண்மாய்க் கரை.

மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி முதல் கண்மாயை நிரப்பும். அது நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அதிலிருந்து அடுத்தது. இப்படி மலையடிவாரத்திலிருந்து கிழக்கே வைப்பாறு வரை சங்கிலிபோல் கோத்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். தண்ணீரைத் தேக்கக் கட்டிய கரை நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வளைந்து போகும். அதனால் அதன் மேல்தளம் ஏற்ற இறக்கமில்லாமல் சமமாக இருக்கும். ஒரு கண்மாய்க்கும் அடுத்ததற்கும் இடையே வரத்துக்கால் ஓரமாகவோ வண்டிப்பாதையாகவோ ஒரு வழி இருக்கும். கிராம வரைபடத்தை விரித்தால் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று அத்தனையும் புறம்போக்காகப் பதிவாகியிருப்பதைக் காணலாம். புதிதாக நிலம் எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆக்கிரமிப்பை எடுத்தாலே பாதை வந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க் கரையில் விடிகாலையில் நின்று பார்த்தவர்கள் இதை நம்புவார்கள். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, அதற்கப்பால் மலை. கிழக்கே வீடுகளுக்கு மேலே ஆண்டாள் கோயிலின் 192 அடி ராஜகோபுரம். மாநிலத்தின் முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். கரையின் உள்சரிவில் அலைக்கல், வெளிச்சரிவில் பனை, அதற்குக் கீழே மடைவாயிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்கால். நூறு கோடி செலவழித்தாலும் இப்படி ஒரு சைக்கிள் பாதையைப் புதிதாக உண்டாக்க முடியாது.

வடக்கே வத்திராயிருப்பில் மலை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது. நடுவே நெல்லும் தென்னையும். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். பக்கத்துக் கூமாப்பட்டி 2025-இல் கைப்பேசிக் காணொளி ஒன்றால் ஒரே வாரத்தில் நாடறிந்த ஊரானது. வண்டிகள் சாரிசாரியாக வந்தன. வந்தவர்கள்மேல் தவறில்லை, பச்சையையும் தண்ணீரையும் தேடி வருவது மனித இயல்பு. ஆனால் அந்தக் குறுகலான ஊர்ச்சாலை கார்களைத் தாங்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை விட்டுவிட்டு, வாடகைச் சைக்கிள் எடுத்துக் கண்மாய்க் கரை வழியாக வருவதற்கு ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், வந்தவர்களும் ஊரை உள்ளபடி பார்த்திருப்பார்கள். வழியில் இளநீர்க் கடைக்கும் பால்கோவாக் கடைக்கும் பஞ்சர் ஒட்டுபவருக்கும் நாலு காசு போயிருக்கும். காரில் வருபவர் நிற்கமாட்டார். சைக்கிளில் வருபவர் நின்றே ஆக வேண்டும்.

ஒரு எல்லையை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். மலைக்குள் வேண்டாம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமான காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. செண்பகத்தோப்பையும் அய்யனார் கோயில் ஓடையையும் ஒட்டிய மாந்தோப்புகளுக்கே யானை இறங்கி வருகிறது. காட்டின் விளிம்பில் சைக்கிள் நின்றுவிட வேண்டும். மலை பார்ப்பதற்கு; மிதிப்பதற்குக் கீழே நமக்கு எவ்வளவோ நிலம் இருக்கிறது.

கரைகளைச் சைக்கிளுக்கு விடுவதில் சிக்கல் இல்லாமல் இல்லை. சீமைக் கருவேலம் மண்டிய கரையில் ஒரு முள் போதும், டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி தேட வேண்டியதுதான். அதனால் முதல் வேலை முள்ளை வேரோடு எடுப்பது. இரண்டாவது, மண் அள்ளும் லாரிகள் கரைமேல் ஏறாமல் தடுப்பது. சைக்கிளுக்காக மட்டும் அல்ல, கண்மாய் உடையாமல் இருப்பதற்கும் அதுதான் காவல். கரையின் இரு முனையிலும் கல் ஊன்றினால் லாரியும் காரும் நின்றுவிடும். பைக்கைக் கல் நிறுத்தாது; அதை ஊர்க்கட்டுப்பாடுதான் நிறுத்தும். ஆயக்கட்டு விவசாயிகளின் வண்டிக்கும் டிராக்டருக்கும் அவர்கள் வழக்கமாகப் போய்வரும் இடங்களில் வழி விட்டே தீர வேண்டும். அவர்களைக் கேட்காமல் போடும் எந்தப் பாதையும் ஒரு மழைக்குமேல் தாங்காது. கரைமேல் தாரும் சிமென்ட்டும் போட வேண்டாம். கெட்டித்த செம்மண் சரளை போதும். கரிசல் மண் சக்கரத்தைப் பிடிக்காமலிருக்க அது ஒன்றே மருந்து.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையாக மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. வேகத்துக்கான சாலை ஒன்று கிடைக்கிறது. அதன் அருகிலேயே வேகம் வேண்டாதவர்களுக்கும் ஒரு வழி வேண்டும்: பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, மில் வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு, ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனை நோக்கி நடக்கும் குடும்பத்துக்கு, எங்கிருந்தோ மலை பார்க்க வரும் சைக்கிள் பயணிக்கு.

மாவட்ட நிர்வாகமும் நீர்வளத் துறையும் இதற்குப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. வரும் கோடையில் கண்மாய்கள் வற்றியிருக்கும்போது வத்திராயிருப்பு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக ஆலங்குளம் வரையுள்ள கரைகளையும் வண்டிப்பாதைகளையும் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, கல் நட்டுவிடுங்கள். சர்வேயருடன் சைக்கிளில் வர இந்த ஊர்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.